பெங்களூரிலிருந்து கோவைக்குக் காரில் ராஜா கச்சேரி: போய் வருவது எப்படி

இளையராஜா கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கச்சேரி கோவையில், நீங்கள் இருப்பது பெங்களூரில், நடுவே சுமார் 360 கிலோமீட்டர். "ஏழு மணி நேரம்தானே, பத்து மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் கரெக்டாகப் போய் இறங்கிவிடலாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் கட்டாயம் எழுதுவார். அவர் பேச்சைக் கேட்டு நாங்கள் ஒருமுறை அப்படித்தான் கிளம்பினோம். முதல் பாட்டு ஆரம்பித்தபோது அவிநாசிக்கு முன்னால் தேங்காய் லோடு ஏற்றிய ஒரு லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தோம். உள்ளே போய் உட்கார்ந்தபோது கால் மரத்து, கண் எரிந்து, தலைக்குள் இன்னும் டயர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பதற்கு மேப் போதும், நான் வேண்டாம். கச்சேரி ஆரம்பிக்கும்போது காதும் உடம்பும் புதுசாக இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

ரயில் இருக்கிறதே, வந்தே பாரத் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கன்டோன்மென்டிலிருந்து போகிற வந்தே பாரத் கிளம்புவதே மதியத்துக்கு மேல், அதில் போனால் கோவையில் இறங்கும்போது கச்சேரி பாதி முடிந்திருக்கும். காலையில் கிளம்பி எர்ணாகுளம் போகிற ரயில்களில் டிக்கெட் கிடைத்தவர்களும், முந்தின நாளே போய்த் தங்க முடிந்தவர்களும் தாராளமாக ரயிலில் போங்கள். மற்றவர்களுக்குக் கார்தான்.

டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டர்

தேதி அறிவித்ததும் முதலில் சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் கோவையில் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும், வழியில் ஓமலூரிலிருந்து பெருந்துறை வரைக்கும் கல்யாண வேன்கள் வரிசை கட்டும். தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை ஒட்டிய வார இறுதி என்றால் நான் போகவே மாட்டேன், ஓசூர் ரோட்டில் பெங்களூர் தமிழர்கள் பாதிப் பேர் அன்றைக்கு உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். அக்டோபர், நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை, கச்சேரி பெரும்பாலும் திறந்த மைதானம். வேறொரு ஊரில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சிக்காகப் பாதி வழி போன பிறகு மழையால் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது, தர்மபுரியில் டீ குடித்துவிட்டு வண்டியைத் திருப்பினோம். டிக்கெட் பணம் வந்துவிடும், பெட்ரோல் பணம் வராது. அதனால் இலவசமாக ரத்து செய்துகொள்ளும் வசதி உள்ள ரூமாகப் பார்த்துப் போடுங்கள், நூறு இருநூறு கூட ஆனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, பெங்களூரில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவிரித் தகராறு சூடாக இருக்கும் நாட்களில், பந்த் அறிவித்திருக்கிறார்களா, அத்திப்பள்ளி எல்லையில் வண்டி விடுகிறார்களா என்று முந்தின நாள் இரவு ஒருதடவை பார்த்துவிடுங்கள். 2016 செப்டம்பர் 12 அன்று இந்த ஊரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் இதைச் சும்மா ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது டிக்கெட். மேடைக்கு ஒட்டியே இருக்கிற விலை கூடிய இடம்தான் நல்ல இடம் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில், ஒரு சின்னப் பந்தல் போட்டு அதற்குள் சவுண்டு மிக்சிங் பண்ணுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் காதுக்கு எது நன்றாக இருக்கிறதோ அதுதான் வெளியே வருகிறது. அவர்களுக்குக் கொஞ்சம் முன்னாலோ பக்கத்திலோ உட்கார்ந்தால் அவர்கள் கேட்பதையே நீங்களும் கேட்பீர்கள். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தால் ஒரு பக்க ஸ்பீக்கரின் பேஸ் நெஞ்சில் இடிக்கும், அந்தப் பக்கத்து வயலின் கூட்டம் என்ன வாசிக்கிறது என்றே தெரியாது. ராஜா பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற அந்த இடையிசைக்காகத்தான் நம்மில் பலர் 360 கிலோமீட்டர் போகிறோம், அதை ஒற்றைக் காதில் கேட்டு என்ன பிரயோஜனம்?

ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் வேறு சிக்கல். சத்தம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட கால் விநாடிக்கும் மேல் தாமதம். பெரிய திரையில் தபலாக்காரர் கை இறங்கி முடிந்திருக்கும், அப்புறம்தான் அடி காதுக்கு வரும். ஒரு தடவை கவனித்துவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

உட்காரும் இடமா, நிற்கும் இடமா என்பதையும் டிக்கெட் பக்கத்தில் தேடிப் படியுங்கள். பெரியவர்கள் கூட வந்தால் நிற்கும் பகுதி வேண்டவே வேண்டாம். எண் போட்ட இருக்கையா, முதலில் வந்தவருக்கு முதல் இடமா என்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் நீங்கள் எத்தனை மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அப்புறம், காட்டுகிற விலை வேறு, வரியும் கட்டணமும் சேர்த்துக் கடைசித் திரையில் வருகிற விலை வேறு. நாலு டிக்கெட்டுக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் வரும்.

எங்கள் காரில் எப்போதும் வரும் என் சித்தப்பாவுக்கு இடது காது மந்தம். கேஜிஎஃப், அதாவது கோலார் தங்க வயல் ஆள். சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தார், காது மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது என்பார். அவரை எப்போதும் அரங்கின் இடது பக்கம் உட்காரவைப்போம், அப்போதுதான் நல்ல காது மேடையைப் பார்த்திருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் டிக்கெட் போடும்போதே யோசியுங்கள், போன பிறகு இடம் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சுவது நடக்காத காரியம்.

ரூம் எங்கே

கோவையில் காந்திபுரத்தில் ரூம் போட்டால் சாப்பாடு, பஸ் எல்லாம் பக்கம், கச்சேரி தூரம். பெரிய நிகழ்ச்சிகள் கொடிசியா கண்காட்சி வளாகம் பக்கம் நடந்தால் பீளமேடு, ஹோப் காலேஜ் வட்டாரத்தில் தங்குங்கள். காரை லாட்ஜிலேயே விட்டுவிட்டு ஆட்டோவிலோ கால் டாக்ஸியிலோ போய் வரலாம். இது நான் சொல்வதிலேயே முக்கியமான அறிவுரை, ஆனாலும் யாரும் கேட்பதில்லை. பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் ஹாரன் கேட்ட பிறகு கச்சேரியில் கேட்டதெல்லாம் ஆவியாகிவிடும்.

வண்டியும் ஆட்களும்

நாலு பேர், இரண்டு டிரைவர். இதற்குமேல் ஆள் ஏற்றாதீர்கள். ஐந்தாவது ஆள் நடுவில் உட்கார்ந்து முட்டியை மடக்கிக்கொண்டு வருவார், சாயங்காலம் அவர் முதுகு பாட்டு கேட்காது. செலவை நாலாகப் பிரித்தாலும் கட்டுப்படியாகும்: போகவர, ஊருக்குள் சுற்றியது எல்லாம் சேர்த்து 750 கிலோமீட்டர் என்று வையுங்கள், லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிற வண்டி என்றால் 50 லிட்டர், ஐயாயிரம் ரூபாய்ச் சொச்சம்.

சுங்கச்சாவடிகள் வரிசையாக அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, பாளையம், ஓமலூர், வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தனிக் கட்டணம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பாருங்கள், அதில் இல்லாவிட்டால் கூடுதலாகத்தான் கட்ட வேண்டும்: ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பரில் ஆக்கினார்கள். அடிக்கடி ஊருக்குப் போய் வருகிறவர் என்றால், 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர பாஸ் லாபம். ஒரு வருடம் அல்லது 200 தடவை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. இந்த ஒரு பயணத்துக்கே போகவரப் பதினான்கு தடவை கழிந்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் காற்று, வைப்பர் தண்ணீர், ஸ்டெப்னி. இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

காலை ஐந்து மணி

சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி என்றால் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குச் சில்க் போர்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஐந்தரை பரவாயில்லை, ஆறு என்றால் சரி போகட்டும், ஏழு என்றால் நீங்கள் தூங்கியே இருக்கலாம். நாங்கள் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை அருகில் நாலே முக்காலுக்குச் சந்திப்போம். வள்ளுவர் மட்டும்தான் சரியான நேரத்துக்கு வந்திருப்பார் என்பது எங்கள் பழைய ஜோக், அதனால் குழுவில் நாலரை என்று போட்டுவிடுவேன்.

ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் போய் அழைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்ரீராமபுரத்தில் ஒருத்தர், பிடிஎம்மில் ஒருத்தர் என்று சுற்றினால் பெங்களூரைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். எங்கள் இரண்டாவது டிரைவர் முரளி பிடிஎம்மில் இருக்கிறான், அவன்தான் அந்த நேரத்தில் ஆட்டோ பிடித்துச் சில்க் போர்டுக்கு வந்து நிற்பான், நாங்கள் உள்ளே போவதில்லை.

ஓசூர் வரைக்கும் ஒரே மூச்சு. கிருஷ்ணகிரி தாண்டி ஏழு, ஏழரைக்கு டிபன். அந்தச் சாலையில் பெரிய பெரிய ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, பஸ்கள் வந்து நிற்கும் ஓட்டலைத் தவிர்த்துவிடுங்கள், ஒரு தோசைக்கு நாற்பது நிமிடம். இட்லி சாப்பிடுங்கள். பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் நிம்மதியாக வர முடியாது.

தர்மபுரி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடிக்கு அப்புறம் தொப்பூர் இறக்கம் வரும். இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான், பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கு அது இறக்கமாகவே வருகிறது என்பதால் நமக்குத்தான் கூடுதல் ஆபத்து. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிற லாரி, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற லாரி, இரண்டும் உங்கள் பின்னால் வரலாம். மூன்றாவது கியருக்கு வந்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். லாரிக்கு முன்னாலும் பக்கத்திலும் ஒட்டிப் போகாதீர்கள், வழி விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். டிரைவர் மாற்றுவதென்றால் தர்மபுரியிலேயே மாற்றி, இரண்டு பேரில் நிதானமானவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிடுங்கள். எங்களில் அது நான் இல்லை.

சேலத்தில் ஊருக்குள் போகத் தேவையில்லை, கொண்டலாம்பட்டியில் கோவைச் சாலைக்குத் திரும்பிவிடலாம். தட்டுவடை செட் சாப்பிடலாமே என்று ஒருத்தர் கேட்பார். அது சாயங்காலத் தள்ளுவண்டிச் சமாச்சாரம், காலை ஒன்பது மணிக்குக் கிடைக்காது, திரும்பும்போதும் நேரம் ஒத்துவராது. ஆசையை அடக்குங்கள். சங்ககிரி, குமாரபாளையம், காவிரிப் பாலம், பெருந்துறை என்று நேராகப் போகிற சாலை, ஆறு வழியானதும் கால் தன்னால் அழுத்தும், கேமரா இருக்கிறது. எதிர்த்திசையில் ஓரமாக வருகிற பைக்குகளையும், வலது தடத்தை விடாமல் அறுபதில் போகிற லாரிகளையும் பொறுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். நீலாம்பூர் வந்தால் கோவை வந்துவிட்டது. 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலம், ஜி.டி.நாயுடு பெயரில், பத்து கிலோமீட்டர் நீளம். கோல்டுவின்ஸில் ஏறி நடுவில் இறங்கும் வழியைத் தவறவிட்டால் உப்பிலிபாளையத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், எனவே பீளமேட்டில் ரூம் போட்டவர்கள் பாலத்தில் ஏறாமல் கீழேயே போங்கள். மேப்பைப் பார்க்காமல் ஏறி ஊரின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

காரில் ராஜா கிடையாது

இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். போகும்போது காரில் ராஜா பாட்டு போடாதீர்கள். முந்தின இரண்டு நாளும் போடாவிட்டால் இன்னும் நல்லது.

யோசித்துப் பாருங்கள். ஏழு மணி நேரம் அதே பாட்டுகளை, ரெக்கார்டிங்கில் இருக்கிற அதே டெம்போவில், எஸ்.பி.பி. குரலிலும் ஜானகியம்மா குரலிலும் கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால், மேடையில் வேறொருவர் பாடும்போது மனம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். எஸ்.பி.பி. 2020 செப்டம்பரில் போய்விட்டார், இனி மேடையில் அந்தக் குரல் வராது. பட்டினி கிடந்த காதுக்குப் புதுக் குரல் பிடிக்கும், வயிறு நிறைந்த காது குறைதான் சொல்லும்.

இந்த விதி என்னுடையது இல்லை, சித்தப்பாவுடையது. முதல் பயணத்தில் முரளி "ராஜா 500" என்று ஒரு லிஸ்ட் தயார் செய்துகொண்டு வந்தான். ஓசூர் தாண்டியதும் சித்தப்பா பின் சீட்டிலிருந்து கையை நீட்டி அதை நிறுத்தினார். "இன்னாடா முரளி, கல்யாண சாப்பாட்டுக்குப் போறவன் வழியிலேயே துன்னுகினு போவானா? காது சும்மா கெடந்தாதான்டா பாட்டு உள்ள போவும்." சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே முழுக்க ஜிம் ரீவ்ஸ்.

கேஜிஎஃப்பில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆங்கிலோ இந்தியர்கள் வீட்டுக் கிராமஃபோனிலும் இலங்கை வானொலியிலும் கேட்டுக் கேட்டு, இங்கிலீஷ் தெரியாத சுரங்கத் தொழிலாளிக்குக்கூட ஜிம் ரீவ்ஸ் மனப்பாடம். டெக்சஸ்காரர், கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்காரர், 1964 ஜூலை 31 அன்று விமான விபத்தில் போய்விட்டார், ஆனால் ராபர்ட்சன்பேட்டை கிறிஸ்துமஸ்களில் அவர் இன்னும் இருக்கிறார். நான் முதலில் சலித்துக்கொண்டேன். சூளகிரி தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது: தாழ்ந்த குரல், மைக்குக்குப் பக்கத்தில் வந்து காதோரம் பேசுவதுபோலப் பாட்டு, பின்னால் நாலைந்து வாத்தியம். காது களைக்கவே இல்லை, ஓட்டுகிறவருக்கு அவசரமும் வரவில்லை.

அதோடு சித்தப்பா ஒரு விஷயம் சொன்னார். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டில் இருந்த ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் ஓரங்கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் வைத்து நாஷ்வில் நகரத்துக்காரர்கள் 1950களின் கடைசியில் ஒரு பாணியைக் கொண்டுவந்தார்கள், ஜிம் ரீவ்ஸ் அதில் முக்கியமான ஆள். "நாட்டுப் பாட்டுக்குக் கோட்டு மாட்டி வுட்டாங்க" என்றார். பிறகு, 1976இல் அன்னக்கிளி வந்தபோது தான் தியேட்டரில் உட்கார்ந்து நினைத்தது, இந்தப் பண்ணைப்புரத்து ஆள் வேட்டியை உருவாமலே கோட்டு மாட்டியிருக்கிறானே என்பதாம். நான் படித்த ராஜா விமர்சனங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. இதையெல்லாம் "ராஜா 500" ஓடிக்கொண்டிருந்தால் அவர் சொல்லியிருக்கவே மாட்டார், கேட்கும்போது அவர் பேச மாட்டார்.

உங்களுக்கு ஜிம் ரீவ்ஸ் வேண்டாம் என்றால் நாதஸ்வரம் போடுங்கள், கிரிக்கெட் வர்ணனை போடுங்கள், ஒன்றுமே போடாமல் ஊர்க்கதை பேசுங்கள். கூடச் சேர்ந்து கத்திப் பாடுவதையும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏசி காற்றில் நாலு மணி நேரம் பாடினால் சாயங்காலம் தொண்டை கட்டிவிடும்.

மதியம் தூங்குங்கள்

பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குக் கோவை. அளவாகச் சாப்பிடுங்கள், அன்னபூர்ணா ஓட்டல் சாம்பார் போதும், பிரியாணி நாளைக்கு. ரூமில் குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் திரையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மருதமலை போகலாம், ஈஷா போகலாம் என்று கிளம்புகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள், முடியாவிட்டால் அவர்களை மட்டும் அனுப்புங்கள்.

மைதானத்துக்குள் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும், இன்டர்நெட் வராது. டிக்கெட்டின் க்யூஆர் கோடை ரூமிலேயே போனில் சேமித்து, ஆளுக்கு ஒன்றாக அனுப்பி வைத்துவிடுங்கள், ஒருத்தர் போனிலேயே நாலும் இருந்தால் அவர் கழிவறைக்குப் போன நேரத்தில் மூன்று பேர் வாசலில் நிற்பீர்கள். தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குடை எல்லாம் வாசலில் பிடுங்கப்படலாம். மாத்திரை எடுத்துப்போவதென்றால் மருந்துச் சீட்டும் கூடவே. பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று வெளிச்சத்திலேயே ஒரு இடத்தைக் காட்டிப் பேசிவையுங்கள். பெரியவர்களைக் கச்சேரிக்கு முன்னாலேயே ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள், நடுவில் எழுந்தால் வழியும் கிடைக்காது, அப்போது பார்த்துத்தான் அவருக்குப் பிடித்த பாட்டு வரும்.

மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு மாதிரி காதடைப்பான் கிடைக்கும், ஒரு ஜோடி சட்டைப் பையில் இருக்கட்டும். இசை நிகழ்ச்சிகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது, நம் ஊர் ஸ்பீக்கர் வாடகைக்காரர் அதைக் கேட்டிருப்பார் என்று நம்ப வேண்டாம். குழந்தைகள் வந்தால் அவர்களுக்குக் கட்டாயம்.

ஆரம்பித்த பிறகு

போனை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், எடுப்பீர்கள். ஒரு பாட்டு எடுங்கள், போதும். நான் எடுத்த ஒன்பது வீடியோவிலும் என் குரல்தான் இருக்கிறது.

ராஜா நடுவில் நிறுத்தினால் பதறாதீர்கள். வாத்தியக் குழுவில் யாரோ ஓர் இடத்தைத் தவறவிட்டிருப்பார், மறுபடி முதலிலிருந்து என்பார். நம்மையும் இரண்டு வார்த்தை கண்டிக்கலாம். அந்த இரண்டாவது தடவையைக் கவனித்துக் கேளுங்கள், சற்றுமுன் என்ன தவறியது என்று தேடிக்கொண்டே கேட்பதால், இத்தனை வருடம் கேட்காத ஒரு பேஸ் கிடார் ஓட்டம் பாட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருப்பது தெரியும். எனக்கு அப்படித்தான் ஒரு பாட்டு முழுக்கப் புதுசாயிற்று. சித்தப்பா அப்போது நல்ல காதைக் கையால் குவித்துப் பிடித்துக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சித்தப்பா என்று கேட்டதற்கு இன்னொரு கையால் சும்மா இரு என்று காட்டினார்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, வருடத்தில் சில நாட்களுக்கு மட்டும் அரசு பன்னிரண்டு வரை தளர்த்தலாம். ஆக, ஒன்பதரைக்கே கூட்டத்துக்குப் பயந்து எழுந்து ஓடுகிறவர்கள் கடைசி மூன்று நாலு பாட்டுகளை நடந்துகொண்டே கேட்கிறார்கள், நல்ல பாட்டுகளை அங்கேதான் வைத்திருப்பார்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரம் நாற்காலியிலேயே உட்காருங்கள். கூட்டம் தன்னால் வடியும், ஆட்டோக்காரர் கேட்கிற தொகையும் குறையும். வெளியே வந்ததும் ரோட்டுக்கடைக் காளான் ஒரு தட்டு, கோவை வந்ததற்கு அடையாளமாக.

அன்றைக்கே திரும்பாதீர்கள்

இரவே கிளம்பிவிடலாம், சாலை காலியாக இருக்கும் என்று ஒரு வீரர் சொல்வார். பதினோரு மணிக்குக் கிளம்பினால் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குத் தொப்பூர் ஏற்றத்தில் இருப்பீர்கள், மனித உடம்பு தூக்கத்துக்கு மிகவும் ஏங்குகிற நேரம் அது, ஓட்டுகிறவர் நாள் முழுக்க விழித்திருந்தவர். வேண்டாம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், மதியம் இரண்டுக்குள் பெங்களூர். சாயங்காலத்துக்குத் தள்ளினால் அத்திப்பள்ளியிலிருந்து சில்க் போர்டு வரைக்கும் ஊருக்குப் போய்த் திரும்புகிற அத்தனை பேரோடும் ஊர்ந்து வர வேண்டும். குமாரபாளையம் பக்கம் பதினோரு மணி வாக்கில் வரும்படி தாமதமாகக் கிளம்பியவர்கள், அதற்குப் பரிகாரமாகப் பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டுக்கொள்ளலாம். காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்தது, அந்த ஊர்ப் பெயரில் எங்கே சாப்பிட்டாலும் அந்த ஊரில் சாப்பிடுவது போல வராது.

திரும்பும்போது ராஜா போடலாம். எவ்வளவு வேண்டுமானாலும். முரளி சங்ககிரி தாண்டியதும் "ராஜா 500"ஐ எடுத்தான், முதல் நாள் மேடையில் கேட்ட அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் போட்டோம், நிறுத்தி மறுபடி ஆரம்பித்த அந்தப் பாட்டை மட்டும் நாலு தடவை. எலக்ட்ரானிக் சிட்டி பாலத்தில் ஏறும்போது சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார், மந்தக் காது மேலே இருக்கும்படி, நல்ல காதைக் கதவோர ஸ்பீக்கரில் சாய்த்துக்கொண்டு.